ரத்தம் வராத அலகு

முருகன் துணை
கோலா சிலாங்கூர்

அன்பு மகள் நித்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தம்பி புவனேசனும் சுகமாக இருக்கிறோம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மருமகனும் சின்னவனும் அந்த ஆக்லாந்து குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, உன் உடம்பு சம்பந்தப்பட்டது, அதைச் சொல்லாமல் அங்கே மழையா, பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். இந்த வாரம் சொல்வார், அடுத்த வாரம் சொல்வார் என்று நானும் பார்த்துவிட்டேன். பட்டாளத்தில் சார்ஜனாக இருந்த மனிதருக்குப் பெற்ற மகளிடம் வாய் திறக்கப் பயம். அதனால் நான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

அப்பாவுக்கு ஈரல் கெட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும், எதனால் என்று சொல்லவில்லை. கண்ணில் புரை எடுக்கப் போனபோது எடுத்த ரத்தச் சோதனையில்தான் தெரிந்தது, ஹெப்படைடிஸ் சி என்கிறார்கள், ரத்தத்தில் தொற்றும் கிருமி. டாக்டரம்மா பழைய கதையெல்லாம் கேட்டார். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடி வெடித்து அப்பாவின் கால் போகப் பார்த்ததே, அப்போது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாதாம், யாரைக் குறை சொல்வது. இத்தனை வருடம் சத்தம் காட்டாமல் உள்ளே இருந்திருக்கிறது. இப்போது புது மாத்திரை வந்திருக்கிறது, மூன்று மாதம் விழுங்கினால் கிருமி அநேகமாக ஒழிந்துவிடும் என்கிறார்கள். வெளியில் வாங்க நம்மால் ஆகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கும், ஆனால் இப்போதைக்குக் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஈரல் ரொம்ப மோசமானவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு இன்னும் முறை வரவில்லை. போகும்போதெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டு பிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலரும் இருப்பார்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும்தான், காத்திருக்கும் நேரமெல்லாம் காட்டுக் கதைதான். பத்தாங் காலி ஊர்க்காரர் சன்னாசி அண்ணனை நீ பார்த்திருக்கிறாய், உன் கல்யாணத்துக்கு வந்தார், அப்பாவோடு ஒரே படையில் இருந்தவர். வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கும், அப்போதும் வாய் சும்மா இருக்காது, காட்டுலயே சாகல, இந்த பெஞ்சுல செத்தா நம்ம மானம் போயிடும்லா என்பார். அவருக்கு முறை வந்து, மாத்திரை தொடங்க நாளும் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்திய வாரம் ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு போய் சல்யூட் அடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் சாமி அறையிலிருந்த அலகுப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் குணமானதற்காகக் கிள்ளானில் செய்யக் கொடுத்து வாங்கிய அலகுகள். பழைய தோட்டத்துக் கோயிலில் பங்குனி உத்திரம் வந்தால் முதலில் அப்பா குத்திக்கொள்வார், அவர் இறக்கியதும் சொந்தமாக அலகு இல்லாதவர்கள் அதையே வாங்கிக் குத்திக்கொள்வார்கள். எலுமிச்சைச் சாற்றில் கழுவி விபூதியில் தோய்த்தால் சுத்தம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அலகு குத்தினால் ரத்தம் வராது என்பதுதானே நம் பெருமை. ஒரு சொட்டு வந்தாலும் விரதத்தில் கோளாறு என்று கேலி செய்வோம். வராத ரத்தம் எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், யாருக்குத் தோன்றும் சொல். அப்பா இதை டாக்டரம்மாவிடம் கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் அங்கிள், எலுமிச்சைக்கெல்லாம் இது சாகாது என்று அவர் சொன்னதும் அப்பாவின் முகம் செத்துவிட்டது.

கோயில் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், என் அலகை வாங்கிக் குத்தினவங்க எல்லாரும் தயவுசெஞ்சு ரத்தம் பாத்துக்குங்க என்று. சாமி காரியத்தில் நோய் வராது என்றார் ஒருவர். இது போதை ஊசி போடும் பையன்களுக்கு வரும் வியாதியாச்சே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் தம்பிக்கும் இல்லை. மற்றவர்களுக்கும் இல்லை, லோரி ஓட்டும் தங்கராஜுவுக்கு மட்டும் இருக்கிறது. அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. தங்கராஜு வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு முன்னால் உட்கார மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தார். அவன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்து, அண்ணே நீங்க சொல்லலன்னா வயிறு வீங்கின பிறகுதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும் என்றான். அவன் மனைவி திலகம் வாசலோடு நின்றுவிட்டாள், நான் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அப்பா பாகான் நக்கோடா ஓமார் கடற்கரைக்குப் போய், படகுக்காரர் ஒருவரைக் கேட்டு அலகுகளைக் கடலில் விட்டுவிட்டு வந்தார். ஒன்றை மட்டும் விடவில்லை, கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். நாக்கில் குத்தும் சின்ன அலகு. எஸ்பிஎம் பரீட்சை எழுதிய வருடம் நீ பால்குடம் எடுத்தாயே, அப்பாதான் உன் தாடையைப் பிடித்துக் குத்திவிட்டார். அதற்குச் சற்று முன்வரை அது அவர் நாக்கில் இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன், எம்புள்ளகிட்ட எந்த வாயால சொல்லுவேன் என்று ஒரு நாள் என்னிடம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பயப்படாதே கண்ணு. தங்கராஜுவைத் தவிர யாருக்கும் இல்லை, உனக்கும் இருக்காது என்றுதான் என் மனம் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. இந்த வாரமே டாக்டரிடம் போய் ஹெப்படைடிஸ் சி பார்க்க வேண்டும் என்று கேள். மருமகனிடம் மறைக்காமல் சொல். உனக்கு இருந்தால் சின்னவனுக்கும் பார்க்க வேண்டுமாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார், உங்கள் ஊரில் அது சுலபமாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். வேலை, வீடு என்று தள்ளிப் போடாதே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க முருகன் கூடவே இருப்பான். மறக்காதே, சோதனை முடிவு வந்ததும் எனக்குச் சொல்லாதே, நேராக அப்பாவின் போனுக்கு அடி. இல்லை என்றால் இல்லை என்று சொல். இருக்கிறது என்றால் அதையும் அவரிடமே சொல், கோபம் வந்தால் திட்டவும் செய், தாங்கிக்கொள்வார். நீ பேசாமல் இருந்துவிட்டால்தான் தாங்க மாட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நவமணி