கீழ்த் தோட்டத்துக் கவாத்து

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நடுக்கடலில் போனும் எடுக்காது. துறைமுகத்தில் இறங்கியதும்தான் இதைப் படிப்பீர்கள். அதற்குள் இங்கே நடப்பது நடந்து முடிந்திருக்கும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கீழ்த் தோட்டத்துத் திராட்சைக்குக் கவாத்து செய்துவிட்டேன். பனி இறங்கித் தங்குகிற பள்ளத்தில் இருக்கிற கொடி, அதைக் கடைசியாக வெட்டு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் அதைத்தான் முதலில் வெட்டினேன். நீங்கள் வரும்போது ஒரு வேலையும் மிச்சம் இருக்கக்கூடாது, பத்து நாளாவது என்னோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை. "உங்களுக்கு எங்க அண்ணனைப் பார்க்க அவசரம் அண்ணி, கொடிக்கு என்ன அவசரம்?" என்று உங்கள் தங்கை அன்றைக்கே கேலி செய்தாள். சிரித்துக்கொண்டே வெட்டினேன், பாவி.

மூன்று வாரமாக நல்ல வெயில். வெட்டாத மேல் தோட்டத்தில் மொட்டு இன்னும் தூங்குகிறது. கீழே மொட்டெல்லாம் உப்பிப் பச்சை தெரிகிறது. பயந்துபோய் வேளாண் அலுவலகத்து அம்மாவைக் கூட்டி வந்தேன். பிளேடால் ஒரு மொட்டைப் பிளந்து பார்த்தார். "மொட்டைத் தூங்க வைக்கிற ஹார்மோன் குளிர்ல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடும்மா. அப்புறம் வெயில் பட்டா நுனி மொட்டுதான் முதல்ல முழிக்கும். அது வேற ஒரு ஹார்மோனைக் கீழே அனுப்பி மத்ததை எல்லாம் அடக்கி வைக்கும். நீங்க நுனியையே வெட்டிட்டீங்களே, இனி யார் அடக்குறது?" என்றார்.

நாளை விடியற்காலை உறைபனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். தூங்கும் மொட்டு தாங்கும், முழித்தது கருகிவிடுமாம். கொடிமேல் விடாமல் தண்ணீர் தெளித்தால், அது உறையும்போது விடுகிற சூட்டில் மொட்டு பிழைக்கலாமாம். ஆனால் வெயில் ஏறி பனி உருகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நின்றால் தெளிக்காததைவிட மோசம். நம் பம்பின் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? உங்கள் தங்கை பெல்ட்டை மாற்றி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஓடுகிறது. இருந்தும் இன்று ராத்திரி பம்பு பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்காரப் போகிறேன்.

மொட்டுக்காக மட்டும் பயப்படவில்லை. கீழ்த் தோட்டம் இந்த வருஷம் காய்த்தால் இனிக் கப்பலே வேண்டாம் என்றீர்கள். காய்க்காது என்று தெரிந்தால் அந்தத் துறைமுகத்திலேயே அடுத்த இரண்டு வருஷக் கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். என் கத்தரிக்கோலே உங்களைத் திரும்பக் கடலுக்கு அனுப்பியதாக ஆகிவிடும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

நீங்கள் நல்லபடியாகக் கரை சேர வேண்டும். கொடி பிழைத்தாலும் கருகினாலும் கையெழுத்து மட்டும் போடாமல் வீட்டுக்கு வாருங்கள். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அவசரக்காரி