நாலு சங்கமும் ஒரு சிவப்புக் கொடியும்

இன்று காலை தபால்பெட்டிக்குள் கிடந்த ஆண்டு மலரை ஒஸ்லோவின் ரொம்மன் ஸ்டேஷனில் நின்றபடியே புரட்டினேன். வழுவழுப்பான தாளில் அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. உங்கள் வியட்நாமிய மாணவர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு ஐந்து வயதாகிவிட்டதாம். நாலாம் பக்கத்தில் முதல் கூட்டத்தின் படம் இருக்கிறது. அதன் ஓரத்தில் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முழங்கை. அது என் சட்டை. என் அலுமாரியிலிருந்து நீ எடுத்துப்போய்த் திருப்பித் தராத சட்டை. ஆளை வெட்டிவிட்டார்கள், முழங்கையை வெட்ட மறந்துவிட்டார்கள்.

படத்தின் கீழே எழுதியிருக்கிறது: "நாலு நகரங்களின் சங்கங்களும் இயல்பாகவே ஒன்று சேர்ந்தன."

இயல்பாகவா? ஒஸ்லோக்காரர் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று திராமன்காரர் முறுக்கிக்கொண்டு நின்றதும், ஒவ்வொரு சங்கமும் தன் புத்தாண்டு விழாவைத் தனியாக வைத்துப் பாதி வெறுமையான மண்டபத்தில் கைதட்டிக்கொண்டதும் இவர்களுக்கு மறந்துபோயிற்றா? சனிக்கிழமைகளில் ரயிலேறி ஊர் ஊராகப் போனது யார்? வகுப்பில் உன் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே. "உங்கட தமிழாக்கள்தான் கூட்டம் கூட்டுறதிலை கெட்டிக்காரர். நீயும் வா" என்றாய். நாம் பேசியது நோர்வேஜிய மொழியில்தான். ஆனால் என் நினைவில் நீ எங்கள் வீட்டுத் தமிழில்தான் கதைக்கிறாய். அம்மாவுக்கு "ஓம், ஓம்" என்று பதில் சொல்லப் பழகிய ஆள் நீ.

பேசிப் பேசி அலுத்துப்போய் நீ கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் கூட்டத்துக்கு ரோல்ஸ் சுற்றும் அரிசித்தாளை ஒரு சங்கம் கொண்டுவர வேண்டும், உள்ளே வைக்கும் கறி இன்னொன்று, கீரைவகை மூன்றாவது, தொட்டுக்கொள்ளும் மீன் சோஸ் நாலாவது. ஒருவர் வராவிட்டால் ஒருவருக்கும் சாப்பாடில்லை. "வயிறு காய்ஞ்சால் தங்கடபாட்டிலை கதைப்பினம்" என்றாய். கதைத்தார்கள். மாலைக்குள் கூட்டமைப்புப் பிறந்தது, நீ தலைவியானாய்.

அடுத்த புத்தாண்டுக்கு நாலு ஊர்ப் பெற்றோரும் வந்தார்கள். மேசை அலங்காரம் என் பொறுப்பு. பிறந்தநாள் கேக்குக்கும் கொடி குத்துகிற நாட்டில் வளர்ந்தவள் நான். கடையில் வியட்நாம் கொடி கேட்டேன், மஞ்சள் நட்சத்திரம் போட்ட சிவப்புக் காகிதக் கொடிகளைத் தந்தார்கள். மேசைக்கு மேசை அழகாகக் குத்தி வைத்தேன். அந்தக் கம்யூனிஸ்ட் அரசின் கொடிக்குப் பயந்து படகேறிய மனிதர்களுக்கு முன்னால் வைத்தேன். அவர்கள் வணங்குவது தோற்றுப்போன தென்வியட்நாமின், மூன்று சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடியை. வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் எனலாம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்கள் மண்டபத்தில் ஒருவர் சிங்கக் கொடியை வைத்தால் என் அப்பா எப்படி எழும்பிப் போவார் என்று தெரிந்தவள். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

அந்த அரசின் சிறைமுகாமில் பல வருடம் அடைபட்டிருந்த ஒரு பெரியவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் பாதி மண்டபம் போயிற்று. நீ வாசலுக்கு ஓடிப்போய் உங்கள் மொழியில் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

"நான்தான் வைச்சனான் எண்டு சொன்னனான்."

"ஏன்? நானெல்லோ வைச்சது."

"உன்னைக் காட்டினால், வெளியாளை ஏன் உள்ளுக்கு விட்டனி எண்டு கேப்பினம். என்னை எண்டால் ஒரு கிழமையிலை மறந்திடுவினம்."

மறக்கவில்லை. அடுத்த மாதமே உன்னைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஹனோய் அரசின் ஆள் என்று பேச்சுக் கிளம்பிற்று. உன் அப்பா விகாரைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன், நீ வேண்டாமென்றாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வசதியாக இருந்துவிட்டேன். போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோகும்வரை இருந்தேன். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். கோபமெல்லாம் இப்போதைய தலைவன்மேல். முதல் கூட்டத்துக்குத் திராமனிலிருந்து கறிச்சட்டியைத் தூக்கிவந்தவன் அவன். உன் செத்தவீட்டிலேயே கொடியின் உண்மையை அவனிடம் சொல்லியிருந்தேன். தெரிந்துகொண்டேதான் இந்த மலரை அடித்திருக்கிறான். மத்தியானம் போன் எடுத்தேன்.

"அது பழைய கதை" என்றான். "திருப்பிக் கிளறினால் பெரியாக்கள் மனம் நோவினம். கூட்டமைப்பு நல்லாத்தானே போகுது?"

நல்லாகத்தான் போகிறது. வரும் சனிக்கிழமை ஐந்தாம் ஆண்டு விழாவிலும் நாலு ஊரும் நாலு சாமானோடு வரும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. உன் வழி வேண்டும், நீ மட்டும் வேண்டாம். எவ்வளவு மானங்கெட்ட வேலை.

அம்மாவிடம் மலரைக் காட்டினேன். முழங்கையை விரலால் தடவிப் பார்த்தா. "இப்பவாவது வாயைத் திற பிள்ளை" என்றா.

சனிக்கிழமை போகிறேன். ஒரு வியட்நாமிய வாக்கியத்தை உன் தங்கையிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அன்று வாசலில் நீ சொன்ன அதே வாக்கியம்: கொடியை நான்தான் வைத்தேன். இத்தனை வருடமும் அதை நீ சுமந்தாய். அது என்னுடையது, தா.