விழுந்தால் கூப்பிடும் கடிகாரம்

என் மேரி அக்காவுக்கு,

உங்களிடம் காட்டாமல் ஒரு புதுப் பொருளைக் கையில் மாட்டியிருக்கிறேன். சிரம்பானில் வேலை பார்க்கிற என் மகள் கவிதா, லுக்குட் கடையில் வாங்கிவந்து மாட்டிவிட்ட ஸ்மார்ட் வாட்ச். கறுப்பாக, சதுரமாக, ரப்பர் பட்டையோடு இருக்கிறது. பார்த்திருந்தால், "என்னடி செல்வி, பெரிய ஆபீஸ் கிராணி ஆயிட்டியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நல்ல பொருள்தான் அக்கா. கனமே தெரியவில்லை. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. மணி காட்டும், நடந்த தூரம் காட்டும், நெஞ்சு துடிப்பதைக்கூட எண்ணிச் சொல்லும். லயத்து வீடுகளில் எல்லாரிடமும் காட்டிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஆனால் இதைக் கழற்றாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. நான் விழுந்து அசையாமல் கிடந்தால், என் பையிலிருக்கும் போன் வழியாக இதுவே கவிதாவைக் கூப்பிட்டுவிடும்.

"இன்னொரு நம்பரும் போடணும்மா, யாரோடது?" என்று கேட்டாள். மேரி அக்கா நம்பர் போடு என்று சொல்லிவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நம் செம்பனைத் தோட்டத்துப் பள்ளத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்த நீங்கள், பழம் ஏற்ற லோரி வரும்வரை அங்கேயே கிடந்தீர்கள். சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்றார் டாக்டர். யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தீர்களா அக்கா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. பொறுக்கிய செம்பனைப் பழச் சாக்கைத் தொப்பென்று போட்டு, நானும் கூடவே தரையில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டேன். கையில் ஏதோ அதிர்ந்தது, அசதியில் கவனிக்கவில்லை. நான் விழுந்துவிட்டதாகக் கடிகாரம் கவிதாவுக்குச் சொல்ல, அவள் எங்களை வேலை வாங்கும் மண்டோருக்குப் போன் அடித்திருக்கிறாள். அவர் மோட்டாரில் பறந்து வந்து சேர்ந்தபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன் மண்டோர். ஏன்?"

"ஒம் மக போன்ல அழுவுறா லா. நீ விழுந்துட்டேன்னு வாட்ச் சொல்லிச்சாம்." அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மறுபடியும் மேரி மாதிரி ஆயிடுச்சோன்னு நெனச்சேன்."

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு ஓடிவர ஆள் இருந்தது.

இன்றைக்கு என்னைப் பள்ளத்து வேலைக்குப் போட்டுவிட்டார்கள் அக்கா. உங்கள் இடம், அதுவும் தனியாக. இறங்கியதும் முதலில் போனைத்தான் எடுத்துப் பார்த்தேன். லைன் இல்லை. மேடேறினால் வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது. கடிகாரம் மட்டும் என் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று காட்டியது. அது எனக்கே தெரியுமே. அங்கே நான் விழுந்தால் அது யாரைக் கூப்பிடும்? வாய்க்கால் ஓரம் கிடந்த பழத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கவிதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பாள், விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? மண்டோரிடம் சொல்லவும் பயம். இஷ்டமில்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லிவிட்டால்? அன்று பதறி ஓடிவந்த மனுஷன் அப்படிச் சொல்வாரா?

நாளைக் காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, வழக்கம்போல "இருக்கேன்" என்று சொல்வேன். அதோடு நிறுத்த மாட்டேன். "பள்ளத்துக்கு ஒத்தையா எறங்க மாட்டேன், கூட ஒரு ஆளு வேணும்" என்றும் சொல்வேன். குரல் நடுங்கத்தான் செய்யும். ஆனாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன், இது உங்கள் மேல் சத்தியம். வருகிறவள் யாராக இருந்தாலும், அந்தக் காலி இடத்தில் அவள் நம்பரைப் போட்டுக்கொள்கிறேன். லைன் இல்லாத இடத்தில் என் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்வி