நாலாம் நம்பர் வண்டி

2024 பெப்ரவரி 3, சனி

அம்மாவுக்கு இன்றும் மேசையோடு சண்டை. "இதுல சோறு திங்கிறதா, இல்ல ஒங்க ரெண்டு பேரு யுத்தத்தையும் வேடிக்க பாக்குறதா?" தேயிலைத் தோட்ட லயத்தில் எங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் இருப்பது ஒரே மேசை. அதில் பாதியை ஓர் ஆறும் இரண்டு பட்டாளமும் பிடித்து வைத்திருக்கின்றன.

சுற்றுலா ஊரான எல்லவில் தம்பி ஜொனி வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸில் ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன யுத்த விளையாட்டு: ஒரு வரைபடம், அட்டை வண்டிகள், டைஸ். அவன் எப்போதும் சோவியத் பக்கம், நான் எதிரி. ரஷ்யாவில் பிஸ்கட் ஃபெக்டரி வேலை என்று போன மாதம் அவன் பிளேன் ஏறிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. எதை எங்கே நகர்த்துவதென்று அவன் வட்ஸ்அப்பில் சொல்வான். நான் அவனுடைய அட்டையை நகர்த்திவிட்டு, என் முறைக்கு டைஸ் உருட்டிப் படம் பிடித்து அனுப்புவேன். "பொய் டைஸ் போடுற" என்பான்.

அவனுக்கு உயிர் பி.டி. 76 என்கிற சின்ன டாங்கி. பாலமே இல்லாமல் ஆற்றை நீந்திக் கடக்கும். அதன் கெட்டித்தனம் அது ஒன்றுதான். தகடு அவ்வளவு மெல்லிசு, பெரிய துவக்கின் தோட்டாவே துளைத்துவிடும். விளையாட்டில் மலிவான வண்டியும் அதுதான். அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் அக்கரைக்கு அனுப்புவார்கள். அது அடி வாங்கினால் எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் அது.

இன்றும் ஒன்றைச் சுட்டேன். "அக்கா, சுடாத, கைதியா புடி" என்று வழக்கம்போலக் கெஞ்சினான். கைதி பிடிப்பது அவனாகச் சேர்த்த சட்டம். சுட்டால் எனக்கு இரண்டு புள்ளி, பிடித்தால் ஒன்று. நான் என்ன பைத்தியமா? "கைதிக்கு யாரு சாப்பாடு போடுறது?" என்று எழுதி அனுப்பினேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பிஸ்கட்டும் இல்லை, ஃபெக்டரியும் இல்லை. வீடியோ கோலில் பச்சை உடுப்போடு வந்து நிற்கிறான்.

"ஆமி கேம்ப்ல சமையல் உதவிதான் அக்கா. பயப்படாத."

ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். ரஷ்ய பாஷையில். வாசித்தாயா என்றால், "எப்பிடி வாசிக்கிறது?" என்று என்னையே கேட்கிறான். மடையன். முழு மடையன். விளையாட்டுச் சட்டப் புத்தகத்தை இங்கிலீஷ் அகராதி வைத்து வரி வரியாகப் படித்தவன், தன் உயிருக்கான தாளைப் படிக்காமல் பேனையை எடுத்திருக்கிறான்!

அவனை அனுப்பிய ஏஜென்ட்டின் போன் வேலை செய்யவில்லை. அம்மாவிடம் இன்னும் பிஸ்கட் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 24, சனி

ஒரு குரல் மெசேஜ். கேட்டவுடன் அழிக்கச் சொன்னான், அழித்துவிட்டேன். காதுக்குள் இன்னும் இருக்கிறது.

"அக்கா, துவக்கு குடுத்துட்டாங்க. உக்ரைன் சண்டைக்கு, முன்னுக்கு அனுப்பப் போறாங்களாம். போன வாங்கிப் பாக்குறாங்க, எழுதுறதயெல்லாம் ரஷ்யனுக்கு மாத்திப் படிக்கிறாங்க. இனிமே வெளையாட்டப் பத்தி மட்டும் பேசு. நாலாம் நம்பர் வண்டி நான்தான். அது எங்க நிக்கிதோ, அங்க நானு."

நாலாம் நம்பர், பி.டி. 76. விரல் நகம் அளவு அட்டை. கடவுளே.

மார்ச் 2, சனி

நாலாம் நம்பர் ஆற்றங்கரையில் என்று எழுதியிருக்கிறான்.

மார்ச் 5, செவ்வாய்

லீவு போட்டுக் கொழும்புக்குப் போனேன். பதுளையில் என்னோடு இரத்தப் பரிசோதனை லெப்பில் வேலை செய்கிற கமிலாவும் கூட வந்தாள், தனியாக விட மாட்டேன் என்று. வெளிநாட்டு அமைச்சு அலுவலகத்தில் அவன் பாஸ்போர்ட் கொப்பியை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "பார்க்கிறோம் மிஸ்" என்றார்கள். எதைப் பார்ப்பார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் அவனுடைய மெசேஜ் வந்தது. "இங்க ஒரு புதுச் சட்டம் அக்கா. திரும்பி வர்ற வண்டிய நம்ம பீரங்கியே சுடும்."

எங்கள் புத்தகத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

மார்ச் 9, சனி

"நாலாம் நம்பர் அக்கரைக்கு. பின்னால ஒண்ணும் வரல. ஒன் முறை."

நகர்த்தி வைத்தேன். தன்னந்தனியாக நிற்கிறது. அடுத்த கட்டத்திலேயே என் பீரங்கி. மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் வண்டி போச்சு. எத்தனை தடவை சிரித்துக்கொண்டே உருட்டியிருப்பேன்! இன்று டைஸைத் தொடவே கை வரவில்லை. இது வெறும் அட்டை, நான் உருட்டுவதற்கும் அங்கே நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை — தெரியும். தெரிஞ்சும் முடியல. அவனைத் திரும்பிப் போகச் சொல்ல முடியாது. அங்கேயே நில்லு என்றும் சொல்ல முடியாது. நான் என்னதான் செய்யிறது?

மார்ச் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா கதவைச் சாத்தினார்.

"நேத்துலருந்து அந்தச் சின்ன அட்டயவே பாத்துக்கிட்டு இருக்க. அது யாரு?"

என்ன என்று கேட்கவில்லை. யாரு என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுவார், என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல்முறையாக அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இவனச் சுடுற பக்கம் யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நீ சுடாம இரு. வேற என்ன செய்யலாமோ அதச் செய்யி."

வேறு ஒன்றுதான் இருக்கிறது. அவன் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டது, நான் ஒரு நாளும் கொடுக்காதது. எழுதினேன்: "என் முறை. டைஸ் போடல. நாலாம் நம்பர கைதியா புடிக்கிறேன். என் பக்கம் வந்துரு. ஒரு புள்ளி எனக்குப் போதும்."

இரண்டு நீல டிக் விழுந்தது.

மார்ச் 18, திங்கள்

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. போன் செத்துக் கிடக்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனை அந்தப் பக்கம் சுட்டிருந்தால்? முதுகுப் பக்கம் நிற்கிறவன் சுட்டிருந்தால்? அந்த மெசேஜ அனுப்புனது நானு. இந்தக் கையாலதான் அனுப்புனேன்.

லெப்பில் இரத்தப் போத்தல்களுக்கு மாற்றி லேபல் ஒட்டிவிட்டேன். நல்லவேளை, கமிலா பார்த்துத் திருத்தினாள்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

அம்மா தரையில் பாய் விரித்துத்தான் சாப்பாடு வைத்தார். மேசையைத் துடைக்கக்கூட விடுவதில்லை.

ஏப்ரல் 6, சனி

காலையில் கமிலாவிடமிருந்து போன். "டீ ரொஷானி, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். பயப்படாமப் பாரு. உயிரோட இருக்கான்."

பிடிபட்டவர்களை உக்ரைன்காரர்கள் எடுத்த வீடியோ. தாடி, இடது கையில் கட்டு, கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. ஆனாலும் ஜொனிதான். பேரைச் சொல்கிறான், பதுளை என்கிறான். ஏன் சரணடைந்தாய் என்று இங்கிலீஷில் கேட்கிறார்கள். அக்கா சொன்னாள் என்கிறான். கேட்டவர் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்.

நான் நிலத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி அழுதேன். வெட்கமே இல்லை. எப்போது விடுவார்கள், விடுவார்களா, ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை மறுபடி கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் நாலாம் நம்பரை அக்கரையிலிருந்து எடுத்து, என் பக்கத்து ஓரத்தில் ஒரு சோசருக்குள் வைத்தேன். நான் பிடித்த முதல் கைதி.

அம்மா வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். திரையில் அவன் கன்னத்தை விரலால் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்:

"புடிச்சு வச்சிருக்கவங்க சாப்பாடு போடுறாங்களாமா?"