ஏழு மணித் தொடரும் உன் சித்தியின் இடுப்பும்

ஸ்கிப்டன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

இங்கே நானும் ரேடியோவும் சுகம். இதை நாள் முழுக்க விட்டு விட்டுத்தான் எழுதப்போகிறேன், உன் சித்தியின் சுகம் மதியத்துக்குமேல்தான் தெரியும். நியூசிலாந்தில் உன் சுகத்தையும் உன் ஆடுகளின் சுகத்தையும் நீதான் எழுத வேண்டும். விஷயம் இதுதான்: சித்திக்கு இன்று இடுப்பு மூட்டை மாற்றுகிறார்கள். இடுப்பு பெரிய காரியமில்லை, இதயம் தளர்ந்திருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி என்றார் டாக்டர். இத்தனை வருடம் என்னைத் தாங்கிய இதயம் எதைத்தான் தாங்காது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. விடியுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூடுபனியை ரொட்டிக் கத்தியால் அறுத்து ஒதுக்கிக்கொண்டுதான் காரை ஓட்டினேன். கூட இருக்கிறேன் என்றதற்கு, நீ இங்க நின்னா நர்ஸுங்களுக்கு ரெண்டு நோயாளி, வீட்டுக்குப் போயி ரேடியோவுக்குத் துணையா இரு என்று துரத்திவிட்டாள். வழியெல்லாம் அவள் புலம்பியதும் தன் இடுப்பைப் பற்றி இல்லை. நேற்று ரேடியோவில் ஏழு மணித் தொடரில் கிழவர் கத்பர்ட்டின் டிராக்டர் சரிவில் கவிழ்ந்து, அவர் அடியில் மாட்டிக்கொண்டார், அத்தோடு இசை போட்டு முடித்துவிட்டார்கள். இந்த வயசுல அந்த மேட்டுல என்ன ஓட்டம், கூறுகெட்ட கிழம், செத்துத் தொலைஞ்சா யாருக்கு நஷ்டம் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

மற்றபடி இன்று உலகத்தில் நடந்ததெல்லாம் என் சமையலறையில்தான் நடந்தது. கப்பல்களுக்கான வானிலையைக் காரில் வரும்போதே கேட்டேன். கடலைப் பார்க்க அரை நாள் பயணம் போக வேண்டிய ஊரில் இருந்துகொண்டு, எந்தக் கடலில் எவ்வளவு காற்று என்று தெரியாமல் நான் ஒருநாளும் டீ போட்டதில்லை. வடகடலில் கடும் புயலாம், எதற்கும் இருக்கட்டும் என்று தோட்டத்துக் கதவைத் தாழிட்டேன். அப்புறம் விவசாயிகள் நேரம், ஆட்டுக் குளம்பில் வரும் அழுகலைப் பற்றி ஒருவர் உருகி உருகிப் பேசினார், நீயும் உன் ஆடுகளைக் கவனி, ஈரத்தில் நிற்க விடாதே. அப்புறம் ஒரு மந்திரி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டவர், விலாங்கு மீன்கள் அவரிடம் வரிசையில் நின்று பாடம் கேட்கலாம். அடுத்து ஒரு பாதிரியார் வந்து, டோஸ்ட் கருகுவதற்குள் மனிதத் துன்பத்தின் காரணத்தை விளக்கிவிட்டுப் போனார். பெண்கள் நிகழ்ச்சியில் மாதவிடாய் நிற்பதைப் பற்றி ஒரு பேராசிரியை பேசினாள், மரியாதைக்காக எழுந்து நின்று கேட்டேன். மதியச் செய்தி வந்தது. முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்ற ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். தாமதமாகத்தான் தொடங்கினார்கள், சொல்கிறோம் என்றாள் ஒரு பெண். வானிலை வாசிக்கிற அதே குரல், புயலா வெயிலா என்று பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு எதெல், அதான் நம் பூனைக்கு ஒளித்து ஒளித்து மீன் போடுகிறவள், சாப்பாடு கொண்டுவந்தாள். போன் வந்துச்சா என்றாள், இல்லை என்றேன். காது புளிச்சுப் போகலையா, அந்தப் பெட்டிய அணைச்சாத்தான் என்ன என்றாள். அணைச்சா வீடு பேச ஆரம்பிச்சிடும் எதெல் என்றேன். அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மதிய நாடகத்தில் ஒருத்தி புருஷனுக்கு விஷம் வைத்தாள், நல்ல மனிதன், அவசரப்பட்டுவிட்டாள். பிறகு ஏதோ ஊர்ப் பொதுக்கூடத்திலிருந்து தோட்டக்கலைக் கேள்வி பதில். ரோஜா இலையில் கரும்புள்ளி என்று யாரோ கேட்க, தயங்காமல் ஒட்ட வெட்டுங்கள் என்றார் நிபுணர். உடனே போய்ச் சித்தியின் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். அதற்குப் புள்ளி இருந்ததா என்று வெட்டிய பிறகுதான் பார்த்தேன், இல்லை. சித்தி வந்தால் என்னைக் கொன்றுவிடுவாள். வந்து கொல்லட்டும். டீ போட வந்தபோது, கெட்டில் சூடு ஆறாமல் மூடும் துணியுறைக்கு அடியில் அவளுடைய இயர்போன் கிடந்தது. கைரேடியோவைப் பையில் வைத்த நான் இதை வைக்கவில்லை, அது இல்லாமல் வார்டில் ரேடியோ போட விடமாட்டார்கள். இன்று அவள் எங்கே கேட்கப்போகிறாள் என்று ஆணியில் மாட்டினேன்.

ஏழு மணிச் சட்டம் உனக்கு நினைவிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றுவது தொடர் முடிந்த பிறகுதான். ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று, முடிவு இசை வரும்வரை நீ சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தாயே. அந்த நேரத்தில் நம் சொந்தபந்தம் யாரும் போன் செய்வதில்லை, அஞ்சல் நிலையத்துக்காரருக்குக்கூடத் தெரியும். ஆகவே இன்று தொடக்க இசை முடியுமுன் போன் அடித்தபோது, அடிப்பவர் நம்மைத் தெரியாதவர் என்பது உறுதி. அங்கே ரேடியோவில் கத்பர்ட்டை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டேன். பிறகு எடுத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி ஒரு குரல், ஒண்ணும் பேசாதே மனுஷா, போனை ரேடியோகிட்ட வை என்றது.

வைத்தேன். எடின்பரோ கோட்டையை ஒற்றைக் கையில் ஏந்தியவன்போல் அசையாமல் நின்றேன். கத்பர்ட் கண் விழித்து, டிராக்டரின் பிரேக்கைச் சரிபார்க்காத மகனை வாய்க்கு வந்தபடி ஏசினார். இசை அடங்கியதும் போனைக் காதில் வைத்தேன். பொழச்சுக்கிட்டான்ல, எனக்கு அப்பவே தெரியும், சரி நான் தூங்குறேன், நாளைக்கு அந்த இயர்போன எடுத்துட்டு வா என்று சொல்லிவிட்டாள். வாங்கிப் பேசிய நர்ஸ், எல்லாம் நல்லபடி முடிஞ்சுது ஐயா, கண்ணு முழிச்சதுமே உங்களுக்குச் சொல்றேன்னேன், வேண்டாம், ஏழு மணிக்கு நானே பேசிக்கறேன்னு தடுத்துட்டாங்க என்றாள். எதெல் கொண்டுவந்ததை அதன் பிறகு சுடவைத்துத் தின்றேன்.

உன் ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும், உன் கூரை ஒழுகாதிருக்கட்டும், நீ நூறாண்டு வாழ்ந்து என்னைப் போலவே பொய் சொல்லித் திரிய வேண்டும். சித்தியிடம் பேச இங்கே ஏழு மணிக்கு மட்டும் கூப்பிடாதே, சட்டம் போட்டவளுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. ரோஜாவைப் பற்றி மூச்சு விடாதே.

உன்னை ஆறு வயதிலிருந்து வளர்த்த பாவத்துக்கு எழுதும்,
உன் சித்தப்பா
கிளிஃபர்ட் அக்ராய்ட்