ராஜாத்தியின் உதை

சென்னை ஆஸ்பத்திரி,
5.2.1939

பிரியமுள்ள ராஜாத்திக்கு, முதுகில் ஒட்டுப்போட்ட உன் அத்தான் படுத்தபடியே எழுதுவது.

டாக்டர் என் கால் எலும்பில் ஒரு துண்டு வெட்டி முதுகெலும்பில் பதித்திருக்கிறார். இரண்டும் ஒன்றாகக் கூடினால் வலி போகுமாம். அதுவரை நெஞ்சு முதல் இடுப்பு வரை மாவுக்கட்டு. உள்ளே அரிக்கிறது. சொறியச் சொன்னால் நர்ஸம்மா சிரிக்கிறாள்.

நீ போடியில் நம் வீட்டைப் பூட்டிவிட்டு அல்லிநகரத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாயாமே. கால் முன்னே வந்து பிறந்தவள் உதைத்தால் சுளுக்கு விடும் என்று ஊரே உன்னிடம் உதை வாங்கியது. நானும் வாங்கினேன், மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு நீ ஏன் பழி சுமக்கிறாய்? எலும்பு விலகிப் பல வருஷம் என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டர் சொல்லிவிட்டார். ஏலக்காய் மூட்டை தூக்கி நான் வீரம் காட்டியதன் பலன். வீட்டுக்குத் திரும்பு.

சண்முகராஜ்


அல்லிநகரம்,
14.2.1939

அத்தானுக்கு ராஜாத்தியின் வணக்கம்.

படம் என்ன சொன்னாலும் ஊர் வேறு சொல்கிறது. "புருசனையே முடக்கிட்டாளே ஆத்தா" என்று இங்கே பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் என் காதுபடவே சொன்னாள். போன வருஷம் என் உதையில் எழுந்து நடந்தவள் அவள். நீங்கள் நடந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவது?

ராஜாத்தி


சென்னை,
20.5.1939

ராஜாத்தி,

நடந்துவிட்டேன், வார்டு முழுக்க, கம்பில்லாமல். குனிய முடியாது. யாராவது கூப்பிட்டால் மாட்டுவண்டியைப் போல முழு ஆளும் திரும்பவேண்டும். பக்கத்துக் கட்டில் வருசநாட்டுக் கர்ணன், "ஏலே, கலெக்டரு வர்றாக, வழி விடுங்க" என்கிறார்.

வலி முன்பு வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தது. இப்போது எப்போதாவது வந்துபோகிற சம்பந்தி.

மூட்டை தொடக்கூடாது, தினமும் நடக்கவேண்டும். செருப்பைக்கூட நானே மாட்ட முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை மதுரையில் போடி ரயில் ஏறுகிறேன். வழியில் உன் அண்ணன் ஊருக்குப் பக்கத்துத் தேனி ஸ்டேஷனில் நீ நின்றாலும் ஜன்னலில் குனிந்து பார்க்க என்னால் ஆகாது. நீயாக ஏறினால்தான் உண்டு. ஏறுவாயா?

சண்முகராஜ்


அல்லிநகரம்,
23.5.1939

அத்தானுக்கு,

தேனி ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். அண்ணனோடு மதுரைக்கே வருகிறேன். மதுரையிலிருந்து தேனி வரை யார் செருப்பு மாட்டிவிடுவது?

நேற்று சுருளியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஒரே ஒரு உதை, ஆத்தா" என்றாள். "மொதல்ல படம் எடுத்துட்டு வாங்க" என்றேன். வைதுகொண்டே போனாள்.

பிளாட்பாரத்தில் என்னைத் தேடி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அத்தனை நிமிர்ந்து நிற்கிறவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். நானே கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் ராஜாத்தி