வெண்ணியின் சித்திரத்துக்கு முத்திரை மறுத்த திருமுகம்

வளம் குன்றா வெண்கழி நாட்டின் கோமான் இளஞ்சேந்தர் திருவாய்மொழிப்படி, முத்தலைத்துறை காக்கும் துறைத்தலைவர் கோடனார்க்கு ஓலைநாயகம் எழினி எழுதுவது. தங்கள் துறையில் கலங்கள் நலமே சேர்க. தங்கள் இல்லத்துக் கதவுகள் உறுதியாக நிற்க.

இன்று விடியலில் எழினி எழுந்தான். முகம் கழுவினான். ஒருவருக்கு மட்டும் கஞ்சி வைத்தான். கொல்லைக் கதவின் தாழை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். பிறகு அரண்மனை சென்று தங்கள் ஓலையைப் பிரித்தான்.

தங்கள் மகள் வெண்ணி மணலில் பந்து உதைக்கும் சித்திரமும், அதற்கு அரச முத்திரை வேண்டும் என்ற விண்ணப்பமும் அதில் இருந்தன. "நம்ம வீட்டுப் பிள்ளையையும் நாடு பார்க்கட்டுமே" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்.

முத்திரையிட்ட ஓலையையோ சித்திரத்தையோ எவரும் அழிக்கலாகாது என்பதும், ஊர்தோறும் படியெடுத்து மன்றத்தில் காட்டி அடுத்த ஊருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பதும் நம் நாட்டு வழக்கம். எழினியின் மனைவி சிகாரு சப்பான் தீவினள். அந்நாட்டு மகளிர் பந்தாட்டக் குழுவில் ஒன்பது ஆண்டு ஆடி, முழங்கால் முறிந்து ஆட்டத்தை விட்டவள். இங்கே மீன் விற்கும் பெண்கள் அவளை "நொண்டி மதினி" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே பேரம் பேசுவாள். எழினிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பந்தாடும் பழைய சித்திரம் ஒன்றுக்கு முத்திரை இட்டான்.

மூன்று திங்களில் அவளை அறியாத ஊர் இல்லை. வாசலில் கூட்டம் நின்றது. ஒருமுறை உதைத்துக் காட்டச் சொன்னார்கள். முடியாது என்றபோது, "படத்துல பறக்குறீங்க, எங்களுக்குன்னா மட்டும் கால் வலிக்குதாக்கும்" என்றாள் ஒருத்தி. நிலைக்கதவில் சில்லு பெயர்த்துத் தாயத்தில் அடைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி ஏழாம் நாள் காலை, கொல்லைக் கதவு தாழிடப்படாமல் இருந்தது. அவ்வழியே அறுபது பேர் நுழைந்தனர். எவர் கையிலும் ஆயுதம் இல்லை. எல்லோரும் அவள் வலக்காலைத் தொடவே விரும்பினர். இடைகழி குறுகியது. அவர்கள் விலகியபோது அவளிடம் மூச்சு இல்லை.

சித்திரம் நிற்கவில்லை. அவள் இறந்த செய்தி எட்டாத ஊர்களில் அவளைக் காண இன்னும் வண்டி பூட்டுகின்றனர். எட்டிய ஊர்களில், "என் ஆட்டம் உங்களுக்கே" என்று சொல்லி அவள் உயிர்விட்டதாகப் படிகளின் அடியில் எழுதுகின்றனர். அப்படி அவள் சொல்லவில்லை.

தங்கள் ஓலையைச் சுமந்து வந்தவர் அதைச் சத்திரம்தோறும் பிரித்துக் காட்டியிருக்கிறார். இன்று அரண்மனை வாயிலில் சிலர் வெண்ணியின் உருவத்தைச் சுவரில் கரியால் வரைந்துகொண்டிருந்தனர். "பொண்ணு வீடு எந்தத் தெருங்க?" என்று எழினியிடமே கேட்டனர். அன்பாகத்தான் கேட்டனர்.

ஆகவே கோமான் ஆணை: வெண்ணியின் சித்திரத்துக்கு முத்திரை இல்லை. இதைக் கண்ட நாழிகையிலேயே கையிலுள்ள படிகளை எரிக்க. மகளை ஊரார் அறியாத உறவினர் இல்லத்துக்கு அனுப்புக. இவ்வோலையிலும் முத்திரை இடவில்லை. இட்டால் இதையும் ஊர்தோறும் காட்ட நேரும். சான்றாகக் கோமானின் கணையாழி தூதர் விரலில் உள்ளது. படித்தபின் இதையும் எரிக்க.

இவ்வளவும் வீண் அச்சம் என்று தாங்கள் எண்ணாதிருக்க ஒன்று. அன்று காலை எழினி அவளுடைய இரண்டாம் சித்திரத்துக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தான். சிகாரு கூடத்திலிருந்து ஒன்று கேட்டாள். அவன் நிமிராமலே ஆம் என்றான். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்:

"கொல்லைக் கதவைத் தாழ் போட்டீங்களா?"